வெள்ளைக்கு வெள்ளை

துரைப்பாக்கம் போகும் ரேடியல் ரோட்டில், கோவிலம்பாக்கம் பக்கம், குப்பைத் தொட்டியில் வாய் வைத்தபடி சில குதிரைகள் நிற்பதைப் பார்க்கலாம். மாடு நின்றால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. குதிரை என்றால் காரை ஓரங்கட்டி போட்டோ எடுக்கிறார்கள், எடுத்துவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்தக் குதிரைகள் யாருடையவை என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. கல்யாணத்துக்கும் கடற்கரைக்கும் உழைத்துக்கொண்டிருந்தவரை மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

என் தம்பியிடம் ஒரு பெண் குதிரை இருக்கிறது. அதனால்தான் இதெல்லாம் என் கண்ணில் படுகிறது. இல்லாவிட்டால் நானும் போட்டோ எடுக்கிற ஆள்தான். அவளுக்குக் குட்டி வேண்டுமா வேண்டாமா என்று எங்களுக்குள் நடந்ததையும், அதற்குப் பிறகு நடந்ததையும் எழுதிவிட வேண்டும் என்று கொஞ்ச நாளாகவே தோன்றிக்கொண்டிருக்கிறது.

நான் சேலையூரில் குடியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் உயிரியல் எடுக்கிறேன். தம்பி மாப்பிள்ளை அழைப்புக்குச் சாரட் வண்டியும் குதிரையும் விடுகிறவன். முடிச்சூர் தாண்டி ஒரு மனையை வாடகைக்கு எடுத்து, தகரக் கொட்டகை போட்டு அவளைக் கட்டியிருக்கிறான். முன்பெல்லாம் எங்கள் பக்கத்து மாப்பிள்ளைகள் பூச்சரம் சுற்றிய காரில் வந்து இறங்குவார்கள். இப்போது ட்ரோன் வந்துவிட்டது. மேலேயிருந்து எடுத்தால் காரைவிட வெள்ளைக் குதிரைதான் எடுப்பாகத் தெரிகிறதாம். அதனால் வெள்ளைதான் வேண்டும். செம்பட்டை ஆகாது, சாம்பல் ஆகாது, முழங்காலில் ஒரு கறுப்புத் திட்டு இருந்தால்கூட முகத்தைச் சுளிக்கிறார்கள்.

தம்பியின் குதிரை தலையிலிருந்து குளம்பு வரை வெள்ளை. மயிருக்கு அடியில் தோலே இளஞ்சிவப்பு. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தோலுக்கு நம் ஊர் வெயில் ஆகாது. சித்திரை வந்தால் மூக்குத் தோல் உரிந்து புண்ணாகிவிடும், கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும். தம்பி தன் மகளுக்கு வாங்கி வைத்திருந்த களிம்பை எடுத்துவந்து அவள் மூக்கில் தடவுவான். களிம்பு எங்கே என்று வீட்டில் கேட்டால் காணோம் என்பான். அவனுடைய அன்பில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அவளுக்கென்று ஒரு காகிதமும் கிடையாது. பந்தயக் குதிரை என்றால் அதன் தாய் தந்தை, தாத்தா பாட்டி வரைக்கும் பதிந்து வைத்திருப்பார்கள். கல்யாணக் குதிரைக்கு அதெல்லாம் யார் செய்வது? கை மாறும்போது பெயரும் மாறும், அவ்வளவுதான். கோவிலம்பாக்கத்தில் ஒரு வண்டிக்காரர் அவளை வைத்திருந்தபோது ஒரு பெயர். அவர் தவறிய பிறகு அவர் மனைவி தம்பிக்கு விற்றார். வண்டியில் ஏற்றும்போது அந்த அம்மா அழுத அழுகையைத் தம்பி பல தடவை சொல்லியிருக்கிறான். இங்கே வந்ததும் தம்பி மகள் ஒரு புதுப் பெயர் வைத்தாள். பழைய பெயர் என்ன என்று கேட்டுக்கொள்ளவேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

அவள் கொட்டகைக்கு வந்த நாளிலிருந்து ஒரே கேள்வி. புல்லுக்கட்டு கொண்டுவருகிறவர் கேட்டார், லாடம் அடிக்க வந்தவர் கேட்டார், கல்யாண மண்டப மேனேஜர் கேட்டார்: "குட்டி எடுக்கலையா சார்?" லாடக்காரர் அதோடு விடவில்லை. "பொட்டைன்னா ஒரு ஈத்தாவது ஈனணும் சார். இல்லன்னா அந்தப் பாவம் வச்சிருக்கறவனுக்குத்தான்" என்று பயமும் காட்டிவிட்டுப் போனார். எனக்கு இந்தக் கேள்வியின் ருசி தெரியும். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துத்தான் எனக்கு மகன் பிறந்தான். அதுவரைக்கும் எங்கள் காலனியில் தெருமுனைக் கடைக்குப் போய்வருவதற்குள் யாராவது ஒருவர் "விசேஷம் ஏதாவது?" என்று விசாரித்துவிடுவார்கள். அதே முகம், அதே அக்கறை. குதிரையைப் பார்த்துக் கேட்டாலும் எனக்குச் சுருக்கென்றது.

தம்பிக்கு அந்தக் கேள்வி மெல்ல மெல்ல உள்ளே இறங்கிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போதே ஆரம்பித்தான்.

"அக்கா, இவளுக்கு ஒரு குட்டி எடுத்துடலாம்னு பார்க்கிறேன். ரெண்டு வெள்ளை ஜோடியா பூட்டினா, சாரட்டே வேற லெவல்ல இருக்கும்."

"வெள்ளையா பொறக்கலன்னா?"

"எந்தக் கலர் வந்தாலும் நான் வெச்சுப்பேன்."

"ரேடியல் ரோட்டுல குப்பை தின்னுட்டு நிக்குதே, அதையெல்லாம் வெச்சிருந்தவங்களும் இதைத்தான் சொல்லியிருப்பாங்க."

அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. எனக்கும் கோபம் வந்தால் வாய் நிற்காது. குதிரை இருபது இருபத்தைந்து வருஷம் உயிரோடு இருக்கும், ட்ரோன் மோகம் அதுவரைக்கும் இருக்குமா என்று கேட்டேன். போட்டோவுக்காக ஒரு தோலைத் தேடித்தேடி உண்டாக்கி, அதை வெயிலில் கொண்டுபோய் நிறுத்துவது என்ன நியாயம் என்று கேட்டேன். கடைசியாக, "அவ யாருன்னே நமக்குத் தெரியாது. அப்பா யாரு, அம்மா யாரு, ரத்தத்துல என்ன இருக்கு, ஒண்ணும் தெரியாது. தெரியாம எப்படிடா ஒரு உயிரைக் கொண்டுவருவே?" என்றேன்.

அவன் துண்டைக் கீழே வைத்தான்.

"உன் கல்யாணத்துக்கு நம்ம வீட்டுல எல்லாரும் இதையேதான் கேட்டாங்க. யாரு, என்ன ரத்தம், என்ன வம்சம்னு. அப்போ நான் ஒருத்தன்தான் உன் பக்கம் நின்னேன். இப்போ ஒரு குதிரைகிட்ட நீ வம்சம் கேக்கறியா?"

என் கணவர் தாம்பரத்தை ஒட்டிய ஒரு பழைய கிராமத்துக் கிறிஸ்தவக் குடும்பம். நாங்கள் பிறகு மனை வாங்கி வந்த காலனிவாசிகள், சாமி படத்துக்குத் தினமும் பூ வைக்கிறவர்கள். கல்யாணப் பேச்சு எழுந்தபோது பெரியப்பா கூடத்தில் உட்கார்ந்து கேட்ட கேள்விகள் இன்னும் என் காதில் இருக்கின்றன. அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த தம்பிதான் எழுந்து, "அந்த அண்ணன் எப்படிப்பட்டவர்னு கேளுங்க, எங்கேருந்து வந்தவர்னு கேக்காதீங்க" என்றான். சர்ச்சில் என் பக்கத்து பெஞ்சில் எங்கள் வீட்டு ஆளாக உட்கார்ந்தது அவன் ஒருவன்தான்.

அந்த நன்றி என் வாயை அடைத்துவிட்டது. அவன் சொன்னதில் ஏதோ ஒன்று சரியில்லை என்று மட்டும் தெரிந்தது. எது என்று அப்போது சொல்லத் தெரியவில்லை. அவன் தட்டை எடுத்து வைத்துவிட்டுப் போனான். நான் மோர்ச் சட்டியை மூடி வைத்தேன்.

அதற்குப் பிறகு வெள்ளை ஆண் குதிரைக்கான தேடல். பெண்ணுக்கு வரன் தேடுகிறவர்கள்கூட அப்படி அலைந்திருக்க மாட்டார்கள். சாம்பல் பூத்த வெள்ளை வந்தது, தள்ளுபடி. நெற்றியில் பழுப்பு இருந்தது வந்தது, தள்ளுபடி. கடைசியில் படப்பையிலிருந்து ஒருவர் வாட்ஸப்பில் படம் அனுப்பினார். தம்பி மனைவி அதையும் எங்கள் குதிரையின் படத்தையும் ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். அதே இளஞ்சிவப்பு மூக்கு, அதே நீளக் கழுத்து, புருவத்துக்கு மேல் அதே குழி. அச்சு அசல். "இதைவிடப் பொருத்தம் வேற கிடைக்குமா அண்ணி?" என்று அவள் என்னைக் கேட்டாள். நானும் பார்த்தேன். பொருத்தமாகத்தான் தெரிந்தது.

அந்த ஆண் குதிரைக்கு ஒரு காதின் நுனியில் சின்னதாக ஒரு துண்டு இல்லை. ட்ரோனில் அது தெரியாது என்று தம்பி சொன்னான்.

படப்பைக்காரர் ஆண் குதிரையை மினி லாரியில் கொண்டுவந்து இறக்கியது ஒரு விடுமுறை நாள் மத்தியானம். பேச்சும் சிரிப்புமான மனிதர். லாரியிலிருந்து இறங்கியதும் முதல் வேலையாகத் தன் குதிரைக்குத் தண்ணீர் கேட்டார், பிறகுதான் தனக்கு. எங்கள் குதிரையைப் பார்த்ததும் கையைத் தட்டினார்.

"இன்னா சார் இது, கண்ணாடில பாத்தா மாரி கீது! குட்டி வெள்ளையா பொறக்கலன்னா என் பேர மாத்திக்கிறேன்."

அவர்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. சினை நிற்காவிட்டாலோ, குட்டி தங்காவிட்டாலோ, அடுத்த முறை ஆண் குதிரையைச் சும்மாவே கொண்டுவந்து விடுவார்கள். அதைப் பெரிய தர்மம் போலத்தான் சொன்னார். தம்பியும் நெகிழ்ந்துபோனான். வாக்குக் கொடுக்கிறவர்கள்மேல் அவனுக்கு எப்போதுமே ஒரு மரியாதை.

ஆண் குதிரையைக் கிட்டே நடத்திவந்தபோது அவள் காதை முன்னால் நீட்டினாள். மூக்கால் அவன் கழுத்தை முகர்ந்தாள். பிறகு அடித்தொண்டையில், உதடு மட்டும் அதிர, மெதுவாக ஒரு சத்தம் போட்டாள். அவள் அப்படிச் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. "புட்ச்சுப் போச்சு சார் பொண்ணுக்கு!" என்று படப்பைக்காரர் சிரித்தார். கயிறு பிடித்திருந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

சினை நின்றது. பதினோரு மாதம். நான் பேசிய நியாயமெல்லாம் எங்கே போனதோ, நானும் மாறிவிட்டேன். பள்ளி விட்டு வரும்போது கேரட் வாங்கிக்கொண்டு முடிச்சூருக்குப் போக ஆரம்பித்தேன். கொள்ளு ஊறவைத்து எடுத்துப் போவேன். கடைசி மாதங்களில் தம்பி அவளை எந்தக் கல்யாணத்துக்கும் அனுப்பவில்லை. முகூர்த்த நாட்களில் வண்டி சும்மா நின்றது. தன் மகளோடு உட்கார்ந்து அவள் வயிற்றில் கை வைத்துக் குட்டி உதைப்பதைப் பார்ப்பான்.

விடிந்தும் விடியாததுமாகப் போன் வந்தது. "பொண்ணு அக்கா! முழு வெள்ளை!" நான் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு ஓடினேன். போகும்போதே குட்டி எழுந்து நின்றுவிட்டிருந்தது. காலெல்லாம் குச்சி குச்சியாக, எந்தக் காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் தள்ளாடியது. தாய் அதை நக்கி நக்கிக் காயவைத்துக்கொண்டிருந்தாள். நக்கிவிட்டு மூக்கால் அதைத் தள்ளி, அடித்தொண்டையில் உதடு அதிரச் சத்தம் போட்டாள்.

எனக்கு அந்தச் சத்தம் தெரிந்தது. எங்கே கேட்டேன் என்று உடனே நினைவு வரவில்லை.

குட்டி மடியைக் கண்டுபிடித்துக் குடிக்க ஆரம்பித்ததும் எல்லாரும் கைதட்டினோம். குடித்துவிட்டுத் தலையைத் தூக்கியது. இரண்டு மூக்கிலிருந்தும் பால் வழிந்தது. "பேராசைக்காரி! மூக்கு வழியா வர்ற அளவுக்கா குடிப்பே?" என்று தம்பி சிரித்துத் தன் சட்டையாலேயே துடைத்துவிட்டான். மறுபடியும் குடித்தது, மறுபடியும் வழிந்தது. இருமியது. மூன்றாவது முறை துடைக்கும்போது அவன் சிரிக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தான். வகுப்பில் பிளந்த அண்ணத்தைப் படம் போட்டு விளக்குகிறவள் நான். டாக்டருக்குப் போன் பண்ணு என்று மட்டும் சொன்னேன்.

கால்நடை டாக்டர் வருவதற்குள், அவளைத் தம்பிக்கு விற்ற கோவிலம்பாக்கத்து அம்மா வந்துவிட்டார். குட்டி பிறந்த சந்தோஷத்தில் தம்பிதான் காலையிலேயே அவரையும் கூப்பிட்டிருந்தான். ஆட்டோவிலிருந்து வெல்லப் பொட்டலத்தோடு இறங்கினார். தாய்க் குதிரை அவரைக் கண்டதும் தலையை ஆட்டியது. வெல்லத்தைக் கையிலேயே வைத்து ஊட்டினார். குட்டிக்கு உடம்பு சரியில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வதென்று நாங்கள் தயங்கிக்கொண்டிருந்தபோது, பேச்சை மாற்றுவதற்காகத் தம்பி மனைவி ஆண் குதிரையின் வீடியோவைப் போட்டுப் போனை நீட்டினாள். "இதுதான்மா அப்பா" என்று சொல்ல வந்தவள், வீடியோ ஓட ஆரம்பித்ததும் அந்த அம்மா முந்திக்கொண்டதால் சொல்லவில்லை.

"ஐயோ, இவனா! இவன எங்க பாத்த நீ?"

எங்களுக்குப் புரியவில்லை. அந்த அம்மா போனைக் கையில் வாங்கி முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டார்.

"எம்மாம் பெர்சா வளந்துட்டான் பாரு! காது பாரு, நாய் கட்ச்ச காது. நான்தான் மஞ்சா வச்சுக் கட்னேன். எங்க வூட்டுக்காரரு இருக்கச் சொல்லோ படப்பைக்காரனாண்ட குட்தாரு. நான் ரெண்டு நாளு சோறு துன்னல." சொல்லிக்கொண்டே தாய்க் குதிரையின் கழுத்தைத் தட்டினார். "அடியே, ஒம்புள்ளடி! மொத புள்ள! உசுரோட கீறான் பாத்தியா?"

கண்ணில் தண்ணீரோடு சிரித்தபடி எங்கள் பக்கம் திரும்பினார். "இங்க வந்துகினானா? ஆத்தாளப் பாக்கவா இட்டாந்தீங்க?"

தம்பி சுவரைப் பார்த்து நின்றான். குட்டி இருமியது. அந்த அம்மா எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார், குட்டியைப் பார்த்தார், கையிலிருந்த போனைப் பார்த்தார். பிறகு போனை மெதுவாகத் தம்பி மனைவியிடம் கொடுத்துவிட்டுக் கொட்டகைக்கு வெளியே போய் உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் எனக்கு அந்தச் சத்தம் நினைவு வந்தது. அவனை முகர்ந்துவிட்டு அவள் போட்ட அதே சத்தம். பிரிந்து எத்தனையோ வருஷம் கழித்துத் தன் பிள்ளையை ஒரு குதிரை அடையாளம் கண்டுகொள்ளுமா என்பது எனக்குத் தெரியாது. என் கற்பனையாக இருக்கலாம். ஆனால் நாங்கள் எல்லாரும் சிரித்தது கற்பனை இல்லை.

பெண் எடுக்கும்போது ஒரே கோத்திரமா என்று நாலு பேரிடம் விசாரிக்கிற குடும்பம் எங்களுடையது. என் கல்யாணத்தைப் பற்றி இத்தனை வருஷம் கழித்தும் முணுமுணுக்கிற குடும்பம். அவளைப் போலவே இருக்கிறானே என்று நாங்கள் ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொன்னோம். ஏன் அப்படி இருக்கிறான் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. இந்தப் பக்கத்தில் அப்படிப்பட்ட முழு வெள்ளைக் குதிரைகள் எத்தனை இருந்துவிடும்? வெள்ளைக்கு வெள்ளை தேடிக்கொண்டே போனால் அவள் வீட்டு வாசலுக்கே திரும்பி வந்து நிற்போம் என்பது கொஞ்சம் யோசித்தால் தெரிந்திருக்கும்.

டாக்டர் டார்ச் அடித்துக் குட்டியின் வாயைப் பார்த்தார். மேல் அண்ணம் பின்னால் வரைக்கும் பிளந்திருந்தது. குடிக்கிற பால் நுரையீரலுக்குள் போகிறது, ஊசி போட்டு அனுப்பிவிடுவதுதான் அதற்குச் செய்கிற நல்லது என்றார். தம்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, குழாய் வழியாகப் பால் கொடுத்துப் பார்க்கலாம் என்று கெஞ்சினான். கொடுத்தார்கள். அன்று முழுக்க அவனும் அவன் மனைவியும் மாறி மாறிக் குட்டியின் தலையை மடியில் வைத்திருந்தார்கள். மறுநாள் அதன் நெஞ்சில் களகளவென்று சத்தம் கேட்டது, உடம்பு கொதித்தது. தம்பி தானாகவே டாக்டரைக் கூப்பிட்டான்.

"டாக்டர், ரத்த சம்பந்தம்தான் காரணமா?" என்று அவரிடம் நான் தனியாகக் கேட்டேன்.

"இதனாலதான்னு நான் சொல்ல முடியாது மேடம். எந்தக் குட்டிக்கும் வரலாம். ஆனா இவ்வளவு நெருங்கின ரத்தம்னா, ஒளிஞ்சிருக்கற குறையெல்லாம் வெளியே வர்றதுக்கு வழி திறந்து விட்ட மாதிரிதான்."

ஊசி போட்ட பிறகு குட்டியைத் தாயிடம் கொஞ்ச நேரம் விட்டுவைக்கச் சொன்னார். இல்லாவிட்டால் தேடிக்கொண்டே இருக்குமாம். அவள் அதை நக்கினாள், காலால் மெல்லத் தட்டினாள், எழுந்திருக்கச் சொல்லிச் சத்தம் போட்டாள். அப்புறம் சத்தம் போடுவதை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் நின்றாள். மடியிலிருந்து பால் சொட்டிக்கொண்டே இருந்தது. தம்பி மகள் அதைப் பார்த்து அழுத அழுகையை நான் எழுதப்போவதில்லை.

ஈன்ற குதிரை பத்து நாளுக்குள் மறுபடி பருவத்துக்கு வந்துவிடும். படப்பைக்காரருக்கு அது தெரியும். குட்டி போன சேதி கேட்டு, தன் வாக்குப்படி ஆண் குதிரையை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். முதலில் குட்டியைப் புதைத்த இடத்துக்குப் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். நடிப்பில்லை, அவர் கண் கலங்கியிருந்தது.

தம்பி விஷயத்தைச் சொன்னான். அவர் நம்பவில்லை.

"ஆத்தாவா? யார் சார் சொன்னது? நான் குட்டியா வாங்குனது நெசம்தான், கோவிலம்பாக்கம்னும் ஞாபகம் கீது. அதுக்கோசரம் இவதான் ஆத்தான்னு எப்டி? ஆடு, மாட்டுக்கெல்லாம் இதப் பாத்துகினா கீறோம்?"

"வேணாம் அண்ணா. இனிமே இவளுக்கு வேணாம். உங்க குதிரையையும் இந்த வேலைக்கு விடாதீங்க. காயடிச்சு வண்டியில பூட்டுங்க, வர்ற ஆர்டர்ல பாதியை நான் உங்களுக்கே தர்றேன்" என்றான் தம்பி.

"அவன் ஆம்பள சார். அவனக் காயடிச்சிட்டு நான் எந்த மூஞ்ச வச்சிகினு அவனுக்குத் தண்ணி காட்றது?" அவருக்கு உண்மையாகவே வருத்தமாகிவிட்டது. பிறகு லாரிப் பலகையை ஏற்றி மூடினார். "சரி, வுடு சார். வந்ததுக்கு அப்டியே பொழிச்சலூர் ஒரு எட்டு போய்ட்டு வரேன். அங்க ஒரு வெள்ளப் பொட்ட கீது, போன வாரம் வுட்டேன், நின்னுச்சான்னு இன்னொருக்கா பாக்கணும்." வண்டியில் ஏறி உட்கார்ந்தவர், ஆறுதலாக ஏதாவது சொல்லவேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, தலையை வெளியே நீட்டிச் சொன்னார்: "அதுவும் ஒங்க குதிர மாரியேதான் சார் கீது. அச்சு அசலு."

தம்பி என்னைப் பார்த்தான். அங்கேயே நின்று கோவிலம்பாக்கத்து அம்மாவுக்குப் போன் போட்டோம். ஆமாம், இரண்டாவது ஒரு ஈத்து உண்டு. பெண் குட்டி, வெள்ளை. எங்கே போனது என்று தெரியாது, ஏர்போர்ட்டுப் பக்கம் யாரோ வாங்கிப் போனதாகத் தன் வீட்டுக்காரர் சொன்ன ஞாபகம் என்றார்.

பொழிச்சலூர் ஏர்போர்ட்டை ஒட்டிய ஊர்தான், அன்று சாயங்காலமே அங்கே போனோம். காலனி வீடு. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பக்கத்துக் காலி மனையில் ஆசைக்குக் குதிரை வளர்க்கிறார். எங்களை உட்காரவைத்துக் காபி கொடுத்தார். முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு எழுந்து எங்களைக் கொட்டகைக்கு அழைத்துப்போனார். அங்கே நின்றதைப் பார்த்துத் தம்பி வாயைப் பொத்திக்கொண்டான். அதே கழுத்து, புருவத்துக்கு மேல் அதே குழி.

"உங்க நல்ல எண்ணம் புரியுது சார்" என்றார் அவர். "ஆனா இது அதோட தங்கச்சின்னு எதை வெச்சுச் சொல்றீங்க? வெள்ளையா இருக்கு, ஜாடை ஒத்துப் போகுது. வேற ஏதாவது ஆதாரம்?"

சினை ஆரம்பத்திலேயே டாக்டரிடம் சொன்னால் ஊசி போட்டுக் கலைத்துவிடலாம் என்று நான் சொன்னேன்.

"ஒரு சந்தேகத்துக்காக உள்ள இருக்கற உயிரைக் கலைக்கச் சொல்றீங்களாம்மா? உங்களால அதைச் சொல்ல முடியுதா?"

என்னால் முடியவில்லை. காபிக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தோம்.

பம்மல் தாண்டும்வரை தம்பி பைக்கை விரட்டினான். பிறகு, "அன்னிக்கு நீ கேட்டது சரிதானேக்கா? பெரியப்பா கேட்டதும் அப்போ சரிதானா?" என்றான். அவன் குரல் உடைந்திருந்தது. இல்லவே இல்லை என்று பின்னால் உட்கார்ந்தபடி அவன் தோளை அழுத்தினேன். பெரியப்பா ஒருத்தரை உள்ளே விடாமல் இருப்பதற்காகக் கேட்டார். நாம் பிறக்கப்போகிற ஒருத்திக்காகக் கேட்டிருக்க வேண்டும். அன்றைக்கே இதை எனக்குச் சொல்லத் தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவனுக்குக் கேட்டதோ இல்லையோ தெரியாது, லாரிகள் இரைந்துகொண்டு போயின.

எங்கள் குதிரை இருக்கிறாள். முகூர்த்த நாட்களில் ஒற்றையாக வண்டி இழுக்கிறாள். யாராவது குட்டியைப் பற்றிக் கேட்டால் தம்பி முன்போல வாயாடுவதில்லை, அவர்களுக்கு ஒரு டீ வாங்கிக்கொடுத்து முழுக் கதையையும் சொல்கிறான். சிலர் கேட்டுக்கொள்கிறார்கள். சிலர் அதெல்லாம் தலையெழுத்து என்று எழுந்து போகிறார்கள்.

பொழிச்சலூர் குதிரைக்குச் சினை நின்றுவிட்டது. இப்போது வயிறு நன்றாகத் தெரிகிறதாம். அந்த ஜாடையைப் பார்த்த எங்கள் இருவருக்கும் அதில் சந்தேகமே இல்லை. அவள் இவளுடைய மகள்தான், படப்பைக் குதிரை அவளுடைய அண்ணன்தான். தெரிந்திருந்தும், தம்பி தினமும் காலையில் கொட்டகையைத் திறக்கும்போதும், நான் பள்ளிக்குப் போகும் வழியிலும், நாங்கள் வேண்டிக்கொள்வது ஒன்றையேதான். நாங்கள் சொன்னது அத்தனையும் பொய்யாகப் போகட்டும். அந்தக் குட்டி பால் குடிக்கட்டும்.